பதினேழாம் வீட்டு ஆணி

ஒரு செவ்வாய்க்கிழமை விடிந்தபோது ஓடக்கரைக்குப்பத்தில் பதின்மூன்றாம் வீட்டுக்கும் பதினான்காம் வீட்டுக்கும் நடுவே இன்னொரு வீடு நின்றது. அதே வெளிர்நீலச் சுவர், அதே ஒற்றைக் கதவு, கதவில் அதே ஆணி; இருபது வருஷத்துக்கு முன்னால் பேரலை பழைய ஊரை வாரிக்கொண்டு போன பிறகு, கடலைப் பார்த்து ஒரே வரிசையில் கட்டிக் கொடுத்த நாற்பத்திரண்டு வீடுகளோடு இதுவும் சேர்ந்தே பிறந்தது மாதிரிதான் இருந்தது. பதினான்காம் வீடு ஒரு வீட்டுத் தூரம் தெற்கே தள்ளிப் போயிருந்தது, பதினைந்து அதற்கும் தெற்கே, இப்படியே தள்ளித் தள்ளி நாற்பத்திரண்டாம் வீட்டுக் கோவிந்தம்மாள் கதவைத் திறந்தால் நேரே ஐஸ் ஃபேக்டரிச் சுவர் முகத்தில் இடித்தது. தள்ளிப்போன வீடுகளில் ஒரு செங்கல் பெயரவில்லை, ஒரு தூளி ஆடவில்லை, தூங்கிக்கொண்டிருந்தவர்கள் புரண்டுகூடப் படுக்கவில்லை.

ஊர் என்ன செய்தது என்று கேட்கிறீர்களா? முதலில் பல் விளக்கியது. அப்புறம் கரைக்குப் போய் மீன் இறக்கியது. பத்து மணிக்கு மேல்தான் நாட்டார் தேசிங்கு, அதாவது ஊர்ப் பஞ்சாயத்துக்குத் தலைவர், நான்கு பேரோடு வந்து புது வீட்டைச் சுற்றிப் பார்த்தார். உள்ளே ஆளில்லை, அடுப்பில் கரியில்லை. மத்தியானத்துக்குள் மாடியில் கருவாடு காயப்போட்டாகிவிட்டது. சாயங்காலம் வலை பின்னுகிறவர்கள் நிழலுக்கு உட்கார்ந்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமைக்குள், புருஷனோடு சண்டை போட்டவள் கோபம் தீரும்வரை பாயைச் சுருட்டிக்கொண்டு போய்ப் படுப்பதற்கு அதுதான் வீடு என்று ஆகிப்போனது. இடைவீடு என்று பேரும் வைத்தார்கள்.

தகராறு எண்ணில்தான் வந்தது. அந்தக் குப்பத்தில் ஒருவரையொருவர் வீட்டு எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். குலுக்கலில் சீட்டு எடுத்த அன்றைக்கு ஆரம்பித்த வழக்கம். "ஏ இருபது, கட்டுமரம் தள்ள வர்றியா", "முப்பத்தாறு மகளுக்குப் பூச்சூட்டல்" என்று இருபது வருஷமாக அப்படியே போய்க்கொண்டிருந்தது. இடைவீட்டைப் பதினான்கு என்று எண்ணினால் பாக்கி எல்லோரும் ஒன்று கூட வேண்டும். பதினெட்டாம் வீட்டு வைரக்கண்ணு துண்டை உதறித் தோளில் போட்டார்.

"இருபது வருசமா நான் பதினெட்டு. நாளைக்கு எவனாவது பத்தொன்பதுன்னு கூப்பிட்டா நான் திரும்பிப் பாப்பனா? என் பொண்டாட்டிதான் பாப்பாளா?"

நியாயம்தானே. பழைய எண்கள் அப்படியே இருக்கட்டும் என்று தீர்ப்பாயிற்று. ஆனால் எந்தப் பட்டியலில் எழுதினாலும் இடைவீட்டை அது நிற்கிற இடத்தில், பதின்மூன்றுக்கும் பதினான்குக்கும் நடுவில்தான் எழுத வேண்டும், வாலில் கொண்டுபோய் ஒட்டக் கூடாது என்று நாட்டார் சொல்லிவிட்டார். அம்மன் தேர் வீடு வீடாக நின்று வருகிற ஊர், வந்த வீட்டைக் கடைசியில் எழுதினால் அது மனசு கோணும், மனசு கோணினால் இன்னும் என்னத்தைக் கூட்டிக்கொண்டு வருமோ என்று அவருக்கு பயம்.

இந்தத் தீர்ப்பு சுடர்க்கொடியின் தலையில் வந்து விடிந்தது. துணை சுகாதார நிலையத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவள் அவள். நர்ஸ் இலஞ்சியம் நான்கு ஊருக்கு ஒற்றை ஆளாக ஓடுகிறவர். யாருக்கு என்ன மாத்திரை என்பதைச் சுடர்க்கொடிதான் எக்செல் ஷீட்டில் வைத்திருந்தாள். ஒரு ஷீட்டில் வீடும் ஆளும், இன்னொரு ஷீட்டில் மருந்து. புதன்கிழமை மத்தியானம் லேபிள் அச்சாகும், லேபிளைப் பார்த்து ஒரு வாரத்து மாத்திரை பைக்குள் போகும், பை வீட்டுக் கதவில் இருக்கிற ஆணியில் தொங்கும். ஆண்கள் கடலில், பெண்கள் சந்தையில், யார் கையிலும் கொடுக்க முடியாத ஊருக்கு அந்த ஆணிதான் கை.

லேபிளுக்கு அவள் போட்டிருந்த ஃபார்முலா ரொம்பச் சாது. ஆள் பட்டியலில் எண்ணிக்கொண்டே போ, பதினேழாவது யாரோ அவர் பேரை எடு. மருந்துப் பட்டியலிலும் எண்ணிக்கொண்டே போ, பதினேழாவது மாத்திரை எதுவோ அதை எடு. இரண்டையும் சேர்த்து அச்சடி. மூன்று வருஷம் ஒரு பிசகில்லை. வீடு நகர்கிறது என்று யார் கண்டார்கள்?

பதினேழாம் வீட்டில் இருந்தது அவளுடைய அக்கா மதியழகி. கல்யாணமாகி ஒன்பது வருஷம், இரண்டு தடவை தங்காமல் போய், இப்போது ஆறாம் மாசம். மூன்றாவது தடவை கை நழுவினால் அக்கா எழுந்திருக்க மாட்டாள் என்று சுடர்க்கொடிக்குத் தெரியும். அக்கா வயிற்றைத் தொட்டுப் பார்க்கவே அவளுக்கு பயம். பதினெட்டில் இருந்தவர்தான் நாம் பார்த்த வைரக்கண்ணு. நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்துகொண்டவர், ரத்தம் உறையாமல் இருக்க தினம் ஒரு மாத்திரை தின்கிறவர். அவருக்கு உயிரைக் கொடுக்கிற அந்த மாத்திரை கர்ப்பிணி வயிற்றுக்குள் போனால் என்ன ஆகும் என்று நர்ஸ் ஒரு தடவை சொல்லியிருக்கிறார். ஒரே ஒரு தடவைதான், சுடர்க்கொடிக்கு அது போதும்.

அடுத்து வந்த புதன்கிழமை ஆள் பட்டியலில் பதின்மூன்றுக்குக் கீழே ஒரு வரி நுழைத்து இடைவீடு என்று தட்டினாள். ஆள் பேருக்கான கட்டம் காலி. பாக்கி எல்லோரும் ஒரு வரி கீழே இறங்கினார்கள், மருந்துப் பட்டியலில் மட்டும் யாரும் இறங்கவில்லை. லேபிள் அச்சானது, பை கட்டினாள், போய் ஒவ்வொரு ஆணியிலும் தொங்கவிட்டு வந்து காப்பித் தம்ளரைக் கையில் எடுத்தபோது கோவிந்தம்மாள் வாசலில் நின்றாள். தலைகீழாகப் பிடித்து உதறிய பையில் ஒன்றுமே இல்லை.

"ஏம்மா சுடரு, எனக்கு சக்கரை இறங்கிப்போச்சுன்னு கம்ப்யூட்டர் சொல்லிச்சா?"

சுடர்க்கொடி லேபிளைப் பார்த்தாள். நாற்பத்திரண்டு, கோவிந்தம்மாள், மருந்து இருக்க வேண்டிய இடம் வெறுமை. ஷீட்டைத் திறந்து விரலை வைத்து மேலே போனாள். நாற்பத்தொன்றுக்கு நாற்பத்திரண்டின் சர்க்கரை மாத்திரை. இருபதுக்கு இருபத்தொன்றின் தைராய்டு மாத்திரை. பதினேழுக்கு வந்தபோது காப்பி எங்கே கொட்டியது என்று அவளுக்கே தெரியாது, செருப்பில்லாமல் மணலில் ஓடினாள். பதினேழாம் வீட்டு ஆணியில் பை அப்படியே தொங்கியது. அக்கா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். பையை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு அந்த வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கொடுத்த பையையெல்லாம் திரும்ப வாங்கினாள். மருந்துப் பட்டியலிலும் அதே இடத்தில் ஒரு வெற்று வரி நுழைத்தாள், எல்லாம் நேரானது. ஆனால் தூக்கம் வருமா? கம்ப்யூட்டர் சென்டரில் கூடப் படித்த புஷ்பகலாவுக்குப் போன் போட்டாள். "ஃபார்முலால இருக்கிற கட்டத்தோட எழுத்துக்கு முன்னாடி ஒரு டாலர் குறி, நம்பருக்கு முன்னாடி ஒரு டாலர் குறி போட்டுடு, அந்தக் கட்டம் அடிச்ச ஆணி மாதிரி நகராது" என்று அவள் சொன்னாள். ஷீட் முழுக்க டாலர் குறியாக அடித்து முடிக்க இரண்டு நாள் ஆனது.

குப்பத்துக்கு இது எப்படித்தான் போய்ச் சேர்ந்ததோ, சனிக்கிழமைக்குள் ஒவ்வொரு கதவிலும் சுண்ணாம்பில் டாலர் குறி ஏறிவிட்டது. வீடு நகராமல் இருக்க சுடர்க்கொடி கண்டுபிடித்த கட்டு என்று பேசிக்கொண்டார்கள். படகின் மூக்கில் போட்டார்கள், பரிசம் போட்ட பெண்ணின் கட்டில் காலில் போட்டார்கள், புருஷன் அடிக்கடி காணாமல் போகிற ஒருத்தி அவன் சட்டையின் உள்பக்கம் தைத்தே விட்டாள். மதியழகி தன் கதவு ஆணியைச் சுற்றி மஞ்சளைக் குழைத்து ஒரு டாலர் வரைந்தாள்.

"என் தங்கச்சி அடிச்ச ஆணி. இனிமே எனக்கென்ன பயம்," என்றாள். சுடர்க்கொடிக்கு அதைக் கேட்கப் பெருமையாக இருந்தது.

மூன்று வாரம் கழித்து, புதன்கிழமை காலையில், ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே இரண்டாவது வீடு வந்தது. முதல் வீட்டுக்கு நாட்டாராவது சுற்றிப் பார்த்தார், இதற்கு அவரும் வரவில்லை. "அதையும் நடுவுல எழுதிக்கம்மா" என்று சைக்கிளில் போகிற போக்கில் சொன்னதோடு சரி. சுடர்க்கொடி ஆள் பட்டியலில் ஒரு வரி நுழைத்தாள். மருந்துப் பட்டியலைத் தொடவில்லை. எதற்குத் தொட வேண்டும், டாலர்தான் இருக்கிறதே. அந்த மாசம் கம்பெனி மாறி எல்லா மாத்திரையும் வேறு நிறத்தில் வந்திருந்தது, நிறத்தைப் பார்த்து பயப்படாதீர்கள் என்று நர்ஸ் ஏற்கனவே வீடு வீடாகச் சொல்லியிருந்தார். நாற்பத்திரண்டாம் வீட்டு ஆணியில் வெறும் பை தொங்கியது. அதை உதறிக்காட்ட வேண்டிய கோவிந்தம்மாள் அந்த வாரம் மகள் வீட்டுக்குப் போயிருந்தாள்.

வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்குக் கரைப்பக்கம் போன சுடர்க்கொடி, வழியில் இடைவீட்டைப் பார்த்தாள். கதவில் ஒரு பை தொங்கியது. லேபிள் வந்த பையெல்லாம் தொங்கும், அப்படித்தான் நேற்றுத் தானே மாட்டியிருக்கிறாள், கை பழக்கத்தில் மாட்டியிருக்கிறாள். பிரித்துப் பார்த்தாள். உள்ளே ஏழு ரத்தக்கொதிப்பு மாத்திரை. ஆளில்லாத வீட்டில் யாருக்கு ரத்தக்கொதிப்பு?

இந்தத் தடவை ஓடும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. எந்தப் பட்டியலை எண்ண வேண்டும், எங்கே தொடங்கி எண்ண வேண்டும் என்பதைத்தான் டாலர் அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தது. எத்தனாவது என்கிற எண்ணிக்கை பழையபடியேதான் இருந்தது. அவள் ஆணியை இடத்தில் அடித்துவிட்டாள், இடத்தில் இருந்த ஆளோ நகர்ந்து போயிருந்தார்.

மதியழகி வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஆணியில் பை இல்லை.

"மாத்திரை?"

"சாப்ட்டேன்டி. இந்த நிறம்தான் கொஞ்சம் கசக்குது."

"எத்தனைக்கா? அக்கா, எத்தனை?"

"ஒண்ணுதான். ஏன், உன் முகம் ஏன் இப்படி இருக்கு?"

சுடர்க்கொடி சொன்னாள். சொல்லாமல் இருந்திருக்கலாம், வேறு காரணம் சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருக்கலாம். அவள் உள்ளதைச் சொன்னாள். மதியழகி கீரையைக் கீழே வைத்தாள், இரண்டு கையையும் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள், தங்கையைத் திட்டவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் சுடர்க்கொடிக்குத் தாங்கியிருக்கும்.

மற்ற வீட்டுப் பைகளை நர்ஸ் ஓடி ஓடித் திரும்ப வாங்கினார். மதியழகியைப் பெரியாஸ்பத்திரியில் மூன்று நாள் படுக்க வைத்தார்கள். ஒரு மாத்திரையோடு நின்றதே நல்லது, ஆனாலும் பார்க்க வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார். முதல் நாள் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், இரண்டாம் நாள் வயிற்றில் கருவியை வைத்துப் பார்த்தார்கள், மூன்றாம் நாள் பிள்ளை உதைத்தது. அந்த மூன்று நாளும் சுடர்க்கொடி வராந்தாவில் உட்கார்ந்து, எதிரே இருந்த தூண்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணத் தொடங்குவாள், பாதியில் எண்ணுவதே பாவம் என்று தோன்ற விட்டுவிடுவாள். மூன்றாம் நாள் மதியழகிதான் முதலில் பேசினாள்.

"பதினேழு பதினேழுன்னே எல்லாரும் கூப்பிடுறாங்க. பதினேழாவதா எவ இருந்தாலும் அவளுக்கு அந்த மாத்திரை வந்திருக்கும் இல்ல? என்னையத் தேடி வர்ற மாதிரி ஒண்ணு செய்டி."

பிறகு சுடர்க்கொடி செய்தது எளிய காரியம், ஆனால் அந்தக் குப்பத்தில் அதைவிடக் கஷ்டமான காரியம் கிடையாது. ஒவ்வொரு கதவாகத் தட்டி, "உங்க பேர் என்ன?" என்று கேட்டாள். ஷீட்டில் பேர்கள் ஏற்கனவே இருந்தன, ஆனால் பாதி பேருக்கு முதல் எழுத்து மட்டும், பாதி பேருக்குப் புருஷன் பேர், இரண்டு பேருக்கு வீட்டு எண்ணையே பேர் கட்டத்திலும் அடித்திருந்தது. இரண்டாம் வீட்டுக்காரர், "ரெண்டுன்னு போட்டுக்க," என்றார். இல்லை, பேர் வேண்டும் என்றதும், "கலியமூர்த்தின்னு எங்கம்மா கூப்பிடும்," என்று சொல்லிவிட்டுச் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டார். வைரக்கண்ணுக்குத் தன் பேர் தெரியும், அவர் பெண்டாட்டிக்குத்தான் தன் பேரை யோசிக்க வேண்டியிருந்தது. செங்கமலம் என்று நினைவு வந்ததும் அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள். கோவிந்தம்மாள்கள் இரண்டு பேர் இருந்தார்கள், அப்பா பேரைச் சேர்த்து எழுதிப் பிரித்தாள்.

பிறகு மருந்துப் பட்டியலில் ஒவ்வொரு மாத்திரைக்குப் பக்கத்திலும் அதற்குரியவர் பேரைத் தட்டி, ஃபார்முலாவைத் துடைத்துவிட்டுப் புதிதாக எழுதினாள். எண்ணாதே, தேடு. எத்தனாவது என்று கேட்காதே, யார் என்று கேள். மருந்துப் பட்டியலில் அந்தப் பேர் எங்கே இருந்தாலும், முதல் வரியோ கடைசி வரியோ, போய்க் கண்டுபிடித்து அதன் பக்கத்தில் இருக்கிற மாத்திரையைக் கொண்டுவா. பேர் கிடைக்கவில்லையென்றால் ஒன்றும் கொண்டுவராதே, சிவப்பாகக் காட்டு. நர்ஸ் இலஞ்சியம் பக்கத்தில் நின்று ஒவ்வொரு பையையும் பேர் சொல்லிச் சரிபார்த்த பிறகே ஆணிக்கு அனுப்பினார். மதியழகி பையைக் கையில் வாங்கி, பேரை எழுத்துக் கூட்டிப் படித்து, மாத்திரையை நர்சிடம் காட்டிய பிறகுதான் வாயில் போட்டாள். தங்கையை அவள் மன்னித்துவிட்டாள், மாத்திரையை இன்னும் மன்னிக்கவில்லை.

வீடுகள் வருவது நிற்கவில்லை. சுண்ணாம்பு டாலர்கள் உப்புக்காற்றில் உதிர்ந்துபோயின, யாரும் மறுபடி போடவில்லை. ஒன்பதாம் மாசம் முடிகிற ஞாயிற்றுக்கிழமை, மத்தியான வெயிலில், எல்லோரும் சோற்றில் கை வைத்திருந்த நேரத்தில், ஒரே மூச்சில் பதினோரு வீடு வந்தது. வரிசையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சத்தமில்லாமல் நுழைந்து, தெற்கு முனை வளைந்து சவுக்குத் தோப்புக்குள் போய்விட்டது. அதே மத்தியானம்தான் மதியழகிக்கு வலி எடுத்தது. அவள் புருஷன் கடலில் இருந்தான்.

சுடர்க்கொடியும் நர்சும் வரிசையின் தலைப்பில் ஆம்புலன்ஸோடு நின்றார்கள். "எத்தனாவது வீடு?" என்று டிரைவர் கேட்டார். சுடர்க்கொடி போன் போட்டாள்.

"அக்கா, எங்க இருக்கே?"

"வீட்லதான்டி இருக்கேன்," அக்காவுக்கு மூச்சு வாங்கியது. "வலது பக்கம் ஒரு புது வீடு, இடது பக்கம் ஒரு புது வீடு. எங்கன்னு சொல்ல..." போன் கீழே விழுந்த சத்தம் கேட்டது.

ஐம்பத்தைந்து வீடுகள், எல்லாம் ஒரே நீலம், உப்பு தின்ற கதவுகளில் எண் எதுவும் தெரியவில்லை. சுடர்க்கொடிக்குப் பதினேழு வரை எண்ணவே கால் பரபரத்தது, எண்ணவில்லை. வாயருகே கையைக் குவித்து, "மதியழகி" என்று கூப்பிட்டாள். அக்காவைப் பேர் சொல்லி அவள் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

முதல் கதவு திறந்தது. "நான் அஞ்சலாட்சி," என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண் தெற்கே திரும்பி, "மதியழகி" என்று கூப்பிட்டாள். அடுத்தது ஆளில்லாத வீடு, பேசவில்லை. அதற்கடுத்த கதவில், "நான் கலியமூர்த்தி. ஏ மதியழகி." இப்படியே குரல் கதவு கதவாகத் தெற்கே போனது, ஒவ்வொருவரும் தன் பேரைச் சொல்லிவிட்டு அவள் பேரைக் கூப்பிட, குரலுக்குப் பின்னாலேயே நர்சும் சுடர்க்கொடியும் ஓட, அவர்களுக்குப் பின்னாலேயே வண்டி மணலில் திணற, செங்கமலத்தின் முறை வருவதற்கும் முன்னால், இரண்டு புது வீடுகளுக்கு நடுவே, மூடிய கதவு ஒன்றுக்குள்ளிருந்து, "நான்தான், நான்தான் மதியழகி," என்று கேட்டது.

வண்டியில் ஏற்ற நேரமில்லை. நர்ஸ் இலஞ்சியம் கதவைச் சாத்தினார். வெளியே ஐம்பத்தைந்து வீட்டு வரிசையும் மூச்சுக் காட்டாமல் நின்றது, சுடர்க்கொடி கதவு ஆணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், மஞ்சள் டாலரின் மிச்சம் அவள் உள்ளங்கையில் ஒட்டியது. பிறகு உள்ளே அழுகைச் சத்தம் கேட்டது, பெண்பிள்ளை என்று நர்சின் குரல் வந்தது, சுடர்க்கொடியும் அழுதாள்.

அந்த ஊரில் முப்பது நாள் கழித்துத்தான் பேர் வைப்பார்கள், அதுவரை பாப்பாதான். சுடர்க்கொடி உள்ளே போய், பிள்ளையின் காலைத் தொட்டுவிட்டுச் சொன்னாள்.

"பேர் சொல்லுக்கா. தடுப்பூசி எழுதணும். பேர் இல்லாம என் ஷீட்ல ஏறாது."

இரண்டு பிள்ளைக்குப் பேர் நினைத்துவைத்து இழந்தவள் மதியழகி. பிள்ளையின் நெற்றியை விரலால் வழித்துவிட்டாள். "அஞ்சுகம்," என்றாள் பிறகு, பிள்ளைக்குக் கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே.

மறுநாள் காலை சுடர்க்கொடி ஷீட்டைத் திறந்தாள். மதியழகிக்கும் வைரக்கண்ணுக்கும் நடுவே ஒரு வரி நுழைக்க வேண்டும். சுட்டியைப் பிடித்து, இடத்தை மூன்று தடவை சரிபார்த்தாள். வரி நுழைந்தது, கீழே இருந்தவர்களெல்லாம் ஒரு படி இறங்கினார்கள். அஞ்சுகம் என்று தட்டினாள், மருந்துப் பட்டியலின் கடைசி வரியிலும் அதே பேரைத் தட்டித் தடுப்பூசித் தேதியைப் போட்டாள். பிறகு விரலை வைத்து ஒவ்வொரு பேராக, வாய்விட்டுச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். மதியழகிக்குச் சத்து மாத்திரை இருந்தது. அஞ்சுகத்துக்குத் தடுப்பூசித் தேதி இருந்தது. வைரக்கண்ணின் மாத்திரை வைரக்கண்ணிடமே இருந்தது.